ரிசீவர் கைக்கு வந்த சொத்து: நிலைப் பிணையமும் மிதவைப் பிணையமும்

கடன் கொடுத்த வங்கி, ஈட்டுச் சொத்தைக் கைப்பற்றி விற்றுக் கடனை வசூலிக்க ஒரு கம்பெனிக்கு ரிசீவரை அமர்த்தியதும், அந்தக் கம்பெனியின் சொத்துகள் இரண்டு குவியல்களாகப் பிரிகின்றன. நிலைப் பிணையத்துக்கு உட்பட்டவை ஒரு குவியல், மிதவைப் பிணையத்துக்கு உட்பட்டவை மற்றொன்று. வங்கிக்காரர்கள் பேச்சில் ஃபிக்ஸட் சார்ஜ், ஃப்ளோட்டிங் சார்ஜ் என்று வழங்குபவை இவையே. முதல் குவியலை விற்ற பணம், விற்ற செலவு போக, நேரே வங்கிக்குப் போய்ச் சேரும். இரண்டாம் குவியலின் பணத்தில் வங்கி கைவைப்பதற்கு முன் தொழிலாளர்களின் சம்பள பாக்கி முதலிய முன்னுரிமைக் கடன்கள் தீர்ந்தாக வேண்டும். ஆகவே எந்தச் சொத்து எந்தக் குவியலில் விழுகிறது என்பதைப் பொறுத்தே யாருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பது முடிவாகிறது.

ஒரு கற்பனைக் கணக்கு. கம்பெனி வங்கிக்கு 7 லட்சம் பவுண்டு தரவேண்டும். நிலமும் கட்டடமும் 4 லட்சத்துக்கு விலைபோகின்றன; சரக்கிருப்பு 50 ஆயிரத்துக்குப் போகிறது; வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கியில் 2.5 லட்சம் வசூலாகிறது. முன்னுரிமைக் கடன்கள் 1.5 லட்சம். நிலமும் கட்டடமும் நிலைப் பிணையத்தில் இருப்பதில் ஐயமில்லை. சரக்கிருப்பு மிதவைப் பிணையத்தில் இருப்பதிலும் ஐயமில்லை. வரவேண்டிய பாக்கியும் நிலைப் பிணையத்தில் இருந்தால் வங்கிக்கு 6.5 லட்சம் கிடைக்கும். முன்னுரிமைக் கடனீந்தோர் சரக்கு விற்ற 50 ஆயிரத்தோடு நிற்க வேண்டும். அதே பாக்கி மிதவைப் பிணையத்தில் இருந்தால் அந்தக் குவியலில் 3 லட்சம் சேரும். அதிலிருந்து முன்னுரிமைக் கடன் 1.5 லட்சமும் முழுதாகத் தீரும். வங்கிக்கு மொத்தம் 5.5 லட்சம்தான். கடன் வாங்கிய நாளில் எழுதிய பத்திரத்தின் ஒரு பிரிவைப் பிற்காலத்தில் நீதிமன்றம் எப்படிப் படிக்கிறது என்பதில் ஒரு லட்சம் பவுண்டு கைமாறுகிறது. இங்கிலாந்திலும் நியூசிலாந்திலும் இந்தப் பிரிவினைக்காக இத்தனை வழக்குகள் நடந்ததற்குக் காரணம் இதைவிட நுட்பமானது எதுவும் இல்லை.

இரு வகைகளில் மிதவைப் பிணையம் பிந்தியது. 19ஆம் நூற்றாண்டு ஆங்கில வழக்குகளில் உருவானது. பழைய பொதுச் சட்டத்தின்படி, ஒருவர் தன்னிடம் இன்னும் வந்துசேராத பொருளை அடமானம் வைக்க முடியாது. நாளை வாங்கப்போகும் இயந்திரத்தை இன்றே ஈடுகாட்டினால், இயந்திரம் வந்த பிறகு அதற்கென இன்னொரு பத்திரம் எழுதவேண்டியிருந்தது. 1862இல் ஹோல்ராய்ட் எதிர் மார்ஷல் வழக்கில், அன்று இங்கிலாந்தின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை இந்தத் தடையை நீக்கியது. ஹாலிஃபாக்ஸ் நகருக்கு அருகே ஒரு நெசவாலையின் இயந்திரங்கள் அடமானத்தில் இருந்தன. பழையவற்றுக்குப் பதிலாக வருபவையும் அதில் சேரும் என்பது ஏற்பாடு. ஆலைக்காரருக்குக் கடன் கொடுத்திருந்த இன்னொருவர் நீதிமன்றத் தீர்ப்பு பெற்று, புதிதாக வந்த இயந்திரங்களை ஜப்தி செய்ய முயன்றார். இயந்திரம் ஆலைக்குள் நுழைந்த கணமே, வேறு பத்திரம் எதுவும் இல்லாமலே, சமநீதிச் சட்டப்படி அடமானத்தில் சேர்ந்துவிட்டது என்பது சபையின் முடிவு.

வரப்போகும் சொத்தையும் ஈடாகக் காட்டலாம் என்றான பிறகு ஒரு நடைமுறைச் சிக்கல் தலைதூக்கியது. கம்பெனியின் சரக்கு முழுவதும் அடமானத்தில் இருந்தால், ஒவ்வொரு மூட்டையை விற்கவும் கடன்கொடுத்தவரின் சம்மதம் தேவைப்படும். வியாபாரம் நின்றுவிடும்; கடனும் திரும்பாது. 1870இல் பனாமா, நியூசிலாந்து மற்றும் ஆஸ்திரேலிய ராயல் மெயில் கம்பெனி வழக்கில் இதற்கு வழி பிறந்தது. கம்பெனியின் தொழில் முழுவதையும் ஈடாகக் காட்டிய கடனீட்டுப் பத்திரம் அது. கம்பெனியின் இன்றைய சொத்தும் நாளைய சொத்தும் அதில் அடங்கும். ஆனால் கம்பெனி கலைக்கப்படும் வரை பத்திரதாரர்கள் அன்றாட வியாபாரத்தில் குறுக்கிட முடியாது என்று நீதிபதி ஜிஃபர்ட் தீர்ப்பளித்தார். மிதவைப் பிணையத்தின் கரு இந்தத் தீர்ப்பில் இருக்கிறது. இந்த வசதி கம்பெனிகளுக்கு மட்டுமே கிட்டியது என்பதையும் கவனிக்க வேண்டும். தனி வியாபாரி தன் சரக்கை ஈடுகாட்டினால் ஒவ்வொரு பொருளையும் அட்டவணையில் குறிப்பிட்டே ஆகவேண்டும் என்று 1882ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. கம்பெனிகளின் கடனீட்டுப் பத்திரங்களுக்கு அதே சட்டம் விலக்கு அளித்தது. கம்பெனியாகப் பதிவுசெய்துகொள்வதற்கு இதுவும் ஒரு தூண்டுதலாக இருந்திருக்கும்.

இரண்டுக்கும் இலக்கணம் வகுத்தவை யார்க்‌ஷயர் கம்பளிச் சீவுநர் சங்கத்தின் வழக்கில் எழுந்த தீர்ப்புகள். அந்தச் சங்கம், தனக்கு வரவேண்டிய இன்றைய, நாளைய பாக்கிகளையெல்லாம் ஈடாகக் காட்டியிருந்தது. பிணையம் பதிவு செய்யப்படவில்லை. அது மிதவைப் பிணையமானால் 1900ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவின்றிச் செல்லாது. 1903இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி ரோமர் மூன்று அடையாளங்களைச் சுட்டினார். கம்பெனியின் இன்றைய, நாளைய சொத்துகளில் ஒரு வகை முழுவதன் மீதும் பிணையம் இருக்கும். வழக்கமான வியாபாரத்தில் அந்த வகைச் சொத்து அவ்வப்போது மாறிக்கொண்டேயிருக்கும். பிணையம் பெற்றவர் ஏதேனும் நடவடிக்கை எடுக்கும் வரை கம்பெனி அந்தச் சொத்தைத் தன் வழக்கப்படி கையாளலாம். மூன்றும் இருந்தால் மிதவைப் பிணையம்தான். மூன்றும் இருந்தே தீரவேண்டும் என்று அவரே சொல்லவில்லை. மறு ஆண்டில் அதே வழக்கு பிரபுக்கள் சபைக்குப் போனபோது, மக்நாட்டன் பிரபு, நிலைப் பிணையம் இன்னதென்று தெரிந்த சொத்தைப் பற்றிக்கொள்வது, மிதவைப் பிணையமோ அந்தச் சொத்தோடு இடம்விட்டு இடம் நகர்ந்து, ஒரு நிகழ்ச்சி அதை நிறுத்தும்போதுதான் பற்றிக்கொள்வது என்று விளக்கினார்.

ரோமர் சுட்டிய மூன்றில் முதல் இரண்டும் வருணனை, மூன்றாவதே சோதனை. இது தெளிவாக நூறாண்டு ஆயிற்று. சொத்து எத்தகையது, நிலைத்து நிற்பதா மாறுவதா என்பது முடிவைத் தருவதில்லை. பிணையம் பெற்றவரைக் கேட்காமல் அந்தச் சொத்தைப் பிணையத்திலிருந்து விடுவித்துக்கொள்ளும் உரிமை கம்பெனிக்கு இருந்ததா என்பதுதான் கேள்வி. காஸ்லெட் என்ற ஒப்பந்ததாரர் கம்பெனியின் வழக்கு இதற்கு நல்ல சான்று. வேல்ஸில் நிலச் சீரமைப்புப் பணிக்காகக் கொண்டுவந்த இரண்டு நிலக்கரி கழுவும் இயந்திரங்கள் பற்றிய தகராறு அது. சரக்கைப் போல் நாள்தோறும் மாறுகிற பொருள் அல்ல. ஆயினும் 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பிணையத்தை மிதவை என்றே கணித்தது. களத்தில் இருக்கும் இயந்திரங்களை ஒப்பந்ததாரர் அவ்வப்போது நீக்கவும் மாற்றவும் இடமிருந்த ஏற்பாடு அது. எதிர்ப்பக்கத்தில் 2002ஆம் ஆண்டின் ஆர்தர் டி லிட்டில் வழக்கு நிற்கிறது. துணைக் கம்பெனியின் பங்குகளை ஈடுகாட்டிய கம்பெனி, லாபப் பங்கைப் பெற்றுக்கொண்டும் வாக்குரிமையைப் பயன்படுத்திக்கொண்டும் இருந்தது. பங்குகளை விற்கும் உரிமை மட்டும் அதற்கு இல்லை. பிணையம் நிலையானது என்று தீர்ப்பாயிற்று. சொத்தை வைத்துப் பயன்பெறுவது வேறு, சொத்தைக் கைவிட்டுப் போகச் செய்வது வேறு.

மிதவைப் பிணையம் உறையும் தருணமும் இங்கே முக்கியம். ரிசீவர் நியமனம், கம்பெனிக் கலைப்பு, வியாபாரம் நின்றுபோதல் ஆகியவை அதை உறையவைக்கும். பத்திரத்தில் எழுதிவைத்தால் ஒரு நோட்டீஸும் போதும். உறைந்த பிறகு கம்பெனியின் கையாளும் உரிமை முடிந்துவிடுகிறது. பிணையம் அப்போது கையிலிருக்கும் சொத்தைப் பற்றிக்கொள்கிறது. 1910இல் ஈவன்ஸ் எதிர் ரைவல் கிரானைட் குவாரி வழக்கில் நீதிபதி பக்லி இன்னொன்றையும் தெளிவாக்கினார். உறைவதற்கு முன்னும் மிதவைப் பிணையம் பிணையம்தான். வருங்காலப் பிணையத்துக்கான வாக்குறுதி அல்ல. கம்பெனியின் மொத்தச் சொத்தின் மீதும் அது இருக்கிறது, ஆனால் தனித்த எந்தப் பொருளையும் இன்னும் பற்றவில்லை.

முன்னுரிமைக் கடன்கள் இந்தக் கதைக்குள் வந்ததற்குப் பின்னால் ஒரு காலணி வியாபாரி இருக்கிறார். சாலமன் தன் தோல்காலணித் தொழிலைத் தானே தொடங்கிய கம்பெனிக்கு விற்று, விலையின் ஒரு பகுதிக்காக 10,000 பவுண்டு கடனீட்டுப் பத்திரங்களை வாங்கிக்கொண்டார். கம்பெனி நொடித்ததும் பத்திரதாரருக்கு எல்லாம் போயிற்று. சரக்கு கொடுத்த வியாபாரிகளுக்கு எதுவும் மிஞ்சவில்லை. 1896 நவம்பரில் பிரபுக்கள் சபை அதைச் சட்டப்படி சரி என்றது. இருந்தும் அந்தத் தீர்ப்பிலேயே, மிதவைப் பிணையதாரர் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போவது பெரிய அநியாயம் என்று மக்நாட்டன் பிரபு சுட்டிக்காட்டினார். அடுத்த ஆண்டே, 1897இல், நாடாளுமன்றம் முன்னுரிமைக் கடன்களை மிதவைப் பிணையத்துக்கு மேல் வைத்தது. கலைப்பில் மட்டுமல்ல, கலைப்பு இல்லாமல் பத்திரதாரர் ரிசீவரை அமர்த்தினாலும் அந்த விதி பொருந்தும். சாலமனால் ஏமாந்த சரக்கு வியாபாரிகளுக்கு இந்தச் சட்டம் ஒன்றும் தரவில்லை என்பது வேறு விஷயம். பலன் சம்பளக்காரர்களுக்கும் வரி அதிகாரிகளுக்கும் போனது.

அந்த விதியின் இன்றைய வடிவம் 1986ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு. மிதவைப் பிணையம் பெற்றவர் சார்பில் வந்த ரிசீவர், தன் கைக்கு வரும் மிதவைச் சொத்திலிருந்து, பத்திரக் கடனின் அசலுக்கோ வட்டிக்கோ எதையும் தருவதற்கு முன் முன்னுரிமைக் கடன்களைத் தீர்க்க வேண்டும். நிலைப் பிணையச் சொத்துக்கு இந்தக் கடமை நீளாது. லூயிஸ் மெர்தர் நிலக்கரிச் சுரங்கக் கம்பெனி வழக்கு 1929இலேயே இதை உறுதிசெய்தது. நிலைப் பிணையச் சொத்தை விற்று வங்கிக் கடன் தீர்ந்து பணம் மிஞ்சினால், அந்த மிச்சம் கம்பெனிக்கே போகும் என்றும், ரிசீவர் அதை முன்னுரிமைக் கடனீந்தோருக்குப் பிரித்துக் கொடுக்கத் தேவையில்லை என்றும் சாண்டர்ஸ் கம்பெனி வழக்கு முடிவுசெய்தது. கடமையை மறந்த ரிசீவருக்குச் சட்டம் இரக்கம் காட்டுவதில்லை. 1972ஆம் ஆண்டின் கோல்ட்பிளாட் வழக்கில் வரி பாக்கியைத் தீர்க்காமல் சொத்தைக் கைமாற்றிவிட்ட ரிசீவர், அந்தத் தொகைக்குத் தன் சொந்தப் பொறுப்பில் பதில்சொல்ல நேர்ந்தது. ரிசீவர்கள் இந்தப் பிரிவினையில் இவ்வளவு கவனமாக இருப்பதும், ஐயம் எழுந்தால் தாமே நீதிமன்றத்துக்குப் போய் வழிகாட்டுதல் கேட்பதும் இதனால்தான்.

1986க்கு முன் வங்கிகளுக்கு ஒரு புறவழி இருந்தது. கம்பெனி கலைக்கப்படுவதற்கு முன்பே நோட்டீஸ் கொடுத்துப் பிணையத்தை உறையவைத்துவிட்டால், கலைப்பு நாளில் அது நிலைப் பிணையமாகிவிடும். முன்னுரிமைக் கடனீந்தோர் கைவிரிக்க வேண்டியதுதான். ப்ரைட்லைஃப் வழக்கில் கடன்கொடுத்தவர் இதைத்தான் செய்தார், நீதிபதி ஹாஃப்மன் பழைய சட்டப்படி அதை ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. புதிய சட்டம் இந்த வழியை அடைத்தது. உருவான நாளில் எது மிதவையாக இருந்ததோ, அது பிறகு உறைந்தாலும் மிதவையாகவே கொள்ளப்படும். எனவே ரிசீவர் பார்க்கவேண்டியது தான் நியமனமான நாளின் நிலையை அல்ல, பத்திரம் எழுதிய நாளின் ஏற்பாட்டை.

சொத்துகளை வகைப்படுத்தும் வேலைக்கு முன், கம்பெனியிடம் இருப்பதெல்லாம் கம்பெனியுடையதா என்று பார்த்தாக வேண்டும். விலை தீரும் வரை உரிமை தன்னிடமே என்று எழுதி வாங்கிக்கொண்ட வியாபாரியின் சரக்கு, 1976ஆம் ஆண்டு ரொமால்ப்பா வழக்கில் அலுமினியத் தகடு திரும்பியது போல, அவரிடமே திரும்பிப்போகலாம். குத்தகை இயந்திரங்களும் அப்படியே. மிஞ்சியவற்றில் நிலம், கட்டடம், வியாபார நன்மதிப்பு, காப்புரிமை ஆகியவை பெரும்பாலும் தகராறின்றி நிலைப் பிணையத்தில் அடங்கும். மூலப்பொருள், அரைகுறையாகச் செய்த பொருள், விற்பனைச் சரக்கு, கல்லாப்பணம் ஆகியவை மிதவையில் அடங்கும். இயந்திரங்களில் கொஞ்சம் வாதம் உண்டு. நிலையாகப் பொருத்தப்பட்ட இயந்திரங்கள் என்று பத்திரம் சொன்னால், தன் எடையால் மட்டும் நிற்கும் கனமான மரவேலை இயந்திரம் அதில் சேராது என்று ஹை-ஃபை எக்விப்மென்ட் வழக்கு சொன்னது. சிமெக்ஸ் டிஷ்யூஸ் வழக்கு வேறு கோணம்: இயந்திரங்களை அவ்வப்போது மாற்றிக்கொள்ளச் சிறிது இடம் கொடுத்திருந்தாலும் அதனால் மட்டும் நிலைப் பிணையம் மிதவையாகிவிடாது.

பெரும் போர் நடந்தது வரவேண்டிய பாக்கியின் மீதுதான். நிலம், கட்டடத்துக்கு அடுத்து பல கம்பெனிகளின் பெரிய சொத்து அதுவே. வசூலானதும் அது பணமாகி, பணம் சம்பளமாகி, சரக்காகி, மறுபடி பாக்கியாகிறது. அதை முழுக்கப் பூட்டினால் கம்பெனி மூச்சுவிட முடியாது. பூட்டாவிட்டால் முன்னுரிமைக் கடனீந்தோருக்குப் பின்னால் வங்கி வரிசையில் நிற்கவேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்ற நிலை வங்கிகளுக்கு. இரண்டையும் பெறுவதற்கான வரைவை அவற்றின் வழக்கறிஞர்கள் தேடினார்கள்.

1979இல் சீப் கோர்மன் எதிர் பார்க்ளேஸ் வழக்கில் அந்தத் தேடல் பலித்ததாகத் தோன்றியது. வரவேண்டிய பாக்கியை வேறு யாருக்கும் மாற்றவோ ஈடுகாட்டவோ கூடாது. வசூலாகும் பணத்தைப் பார்க்ளேஸில் உள்ள கணக்கிலேயே போடவேண்டும். இவ்வளவே நிபந்தனை. அந்தக் கணக்கிலிருந்து பணம் எடுக்க வங்கி சம்மதிக்க வேண்டும் என்று பத்திரம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆயினும் நீதிபதி ஸ்லேட் அதை நிலைப் பிணையம் என்றார். அடுத்த கால் நூற்றாண்டுக்கு இங்கிலாந்தின் வங்கிகள் இந்த வாசகத்தை அச்சுப் பிசகாமல் தங்கள் படிவங்களில் ஏற்றிவந்தன. அயர்லாந்தின் உச்சநீதிமன்றம் 1985இல் கீனன் பிரதர்ஸ் வழக்கில் நிலைப் பிணையத்தை ஏற்றது என்றால், அங்கே வசூல் பணம் தனிக் கணக்கில் போய், வங்கியின் சம்மதமின்றி எடுக்க முடியாதபடி இருந்தது. இரு வழக்குகளும் ஒரே முடிவைச் சொன்னதுபோல் தெரிந்தாலும், கட்டுப்பாட்டின் அளவில் அவற்றுக்கிடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இருந்தது. ப்ரைட்லைஃப் வழக்கில் ஹாஃப்மன் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார். குறித்த பிணையம் என்று பத்திரத்தில் எழுதியிருந்தும், வசூல் பணத்தைக் கம்பெனி தன் விருப்பப்படி பயன்படுத்தலாம் என்றிருந்ததால் அதை மிதவை என்றார்.

1994இல் நியூ புல்லஸ் டிரேடிங் வழக்கு இன்னும் ஒரு படி துணிந்தது. கடன்கொடுத்தது 3ஐ என்னும் முதலீட்டு நிறுவனம். பாக்கி வசூலாகாத வரை அதன்மீது நிலைப் பிணையம். வசூலாகிக் கணக்கில் விழுந்ததும், கடன்கொடுத்தவர் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், அந்தப் பணத்தின் மீது மிதவைப் பிணையம். பாக்கியையும் அதன் வசூலையும் இப்படிப் பிரித்து எழுதிக்கொள்ளத் தரப்பினருக்கு உரிமையுண்டு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. சட்டப் பேராசிரியர்களிடையே இதற்குக் கடும் கண்டனம் எழுந்தது. பாக்கிக்கு அதன் வசூலைத் தவிர வேறு மதிப்பில்லை. வசூலைக் கம்பெனி விருப்பப்படி செலவழிக்கலாம் என்றால் பாக்கியின் மீதான நிலைப் பிணையம் வெறும் பெயர்தான் என்பது அவர்களின் வாதம்.

இந்த வாதத்துக்கு வெற்றி கிடைத்தது நியூசிலாந்திலிருந்து வந்த மேல்முறையீட்டில். ப்ரூமார்க் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற கம்பெனி வெஸ்ட்பேக் வங்கிக்கு எழுதிக்கொடுத்த பத்திரம், நியூ புல்லஸ் பாணியில், வசூலாகாத பாக்கியை நிலையாகவும் வசூலான பணத்தை மிதவையாகவும் ஈடுகாட்டியது. வங்கி ரிசீவர்களை அமர்த்தியது. நியமன நாளில் நிலுவையில் இருந்த பாக்கியை அவர்கள் வசூலித்தார்கள். அந்தப் பணம் வங்கிக்கா, முன்னுரிமை பெற்ற வரித்துறைக்கும் தொழிலாளர்களுக்குமா என்பது வழக்கு. முதல் நீதிமன்றம் வங்கியின் பக்கம் நின்றது. நியூசிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2001 ஜூனில், அன்று நியூசிலாந்தின் இறுதி மேல்முறையீடுகளை லண்டனில் கேட்ட பிரிவி கவுன்சில், மேல்முறையீட்டு நீதிமன்றத்தை ஆதரித்தது. மில்லட் பிரபு எழுதிய அந்தத் தீர்ப்பு இந்தத் துறையில் எழுதப்பட்டவற்றுள் தெளிவால் முதலிடம் பெறத்தக்கது.

இரண்டு படிகளில் வேலை நடக்க வேண்டும் என்கிறது தீர்ப்பு. முதலில் பத்திரத்தைப் படித்து, இரு தரப்பும் ஒருவருக்கொருவர் என்ன உரிமைகளைக் கொடுத்துக்கொண்டார்கள் என்று கண்டறிய வேண்டும். பிறகு, அந்த உரிமைகள் சட்டத்தின் கண்ணில் எந்த வகைப் பிணையம் என்று தீர்மானிக்க வேண்டும். முதல் படியில் தரப்பினரின் எண்ணம் முக்கியம். இரண்டாவதில் அந்த எண்ணத்துக்கு இடமில்லை. நிலைப் பிணையம் என்று பெயரிட்டு, மிதவைக்கு மட்டுமே பொருந்தும் உரிமைகளை எழுதினால் பெயர் தோற்கும். ப்ரூமார்க் தன் பாக்கியை வசூலித்து, வசூலைத் தன் வியாபாரத்தில் செலவழிக்கலாம்; அப்படி வசூலிப்பதால் பாக்கி பிணையத்திலிருந்து மறைந்துபோகிறது. வங்கியைக் கேட்காமல் கம்பெனி அதைச் செய்ய முடிந்ததால், பிணையம் உருவான நாளிலிருந்தே மிதவை. நியூ புல்லஸ் தவறாகத் தீர்க்கப்பட்டது என்றும் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. தனிக் கணக்கில் போடவேண்டும் என்று எழுதினால் மட்டும் போதாது, அந்தக் கணக்கு உண்மையிலேயே பூட்டிய கணக்காக இயங்க வேண்டும் என்ற குறிப்பு, வரைவு எழுதுவோரின் கடைசிப் புகலிடத்தையும் மூடியது.

பிரிவி கவுன்சில் தீர்ப்பு இங்கிலாந்தின் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. அதனால் நேஷனல் வெஸ்ட்மின்ஸ்டர் வங்கி எதிர் ஸ்பெக்ட்ரம் பிளஸ் என்ற சோதனை வழக்கு நடந்தது. சாயம், நிறமி செய்யும் அந்தக் கம்பெனிக்கு 2,50,000 பவுண்டு ஓவர்டிராஃப்ட் வரம்பு இருந்தது. பத்திரம் சீப் கோர்மன் வாசகத்தில் அமைந்திருந்தது. வசூல் பணம் சாதாரண நடப்புக் கணக்கில் விழுந்தது, கம்பெனி அதிலிருந்து நினைத்தபோது எடுத்தது. இது கலைப்பு வழக்கு. ஆனால் கேள்வி ரிசீவர் வழக்குகளில் எழுவதேதான். முதல் நீதிமன்றம் மிதவை என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம், இத்தனை ஆண்டு வழக்கத்தைக் கலைக்கக்கூடாது என்ற எண்ணத்தோடு, நிலை என்றது. 2005 ஜூன் 30 அன்று பிரபுக்கள் சபையின் ஏழு நீதிபதிகளும் ஒருமித்து மிதவை என்றார்கள். சீப் கோர்மன் 26 ஆண்டுகளுக்குப் பிறகு வீழ்ந்தது. தீர்ப்பை இனி எழுதும் பத்திரங்களுக்கு மட்டும் பொருத்தும்படி வங்கி கேட்டதையும் சபை ஏற்கவில்லை.

அதன் பின் வங்கிகள் செய்யக்கூடியது இரண்டு. வசூலை உண்மையாகவே பூட்டலாம். பெரிய கடன்களில் இது நடக்கிறது, சிறு கம்பெனிகளில் அரிது. அல்லது பாக்கியைப் பிணையமாக வாங்காமல் விலைக்கே வாங்கலாம். ஃபேக்டரிங் என்ற அந்த முறையில் பாக்கி கம்பெனியின் சொத்தாகவே இருப்பதில்லை. ஆகவே முன்னுரிமைக் கடனீந்தோரின் கை அதில் படாது. எவ்வளவு கட்டுப்பாடு இருந்தால் போதும் என்ற கேள்வி மட்டும் முழுதாக அடங்கவில்லை. 2023இல் செயற்கைக்கோள் தொடர்புக் கம்பெனியான அவான்டியின் வழக்கில் நீதிபதி எட்வின் ஜான்சன், கம்பெனிக்குச் சில வரையறுத்த சூழல்களில் மட்டும் சொத்தை விற்க அனுமதி இருந்தும், பிணையம் நிலையானதே என்றார். முழுத் தடை, முழுச் சுதந்திரம் என்ற இரு முனைகளுக்கு நடுவே இடமுண்டு என்பது அதன் பொருள். அந்த வழக்கின் சொத்துகள் அன்றாடம் விற்று வாங்கும் வகையைச் சேர்ந்தவை அல்ல. வரவேண்டிய பாக்கிக்கு இதை அப்படியே நீட்டிவிட முடியாது.

ரிசீவரின் கணக்குப் புத்தகத்தில் இந்தப் பிரிவினை நாள்தோறும் வேலை செய்கிறது. இரண்டு வகைக்கும் தனித்தனிக் கணக்கு வைக்க வேண்டும். செலவையும் தன் ஊதியத்தையும் எந்தச் சொத்துக்காக உழைத்தாரோ அந்தக் கணக்கில் எழுதவேண்டும். தொழிலை நடக்கும் நிலையிலேயே ஒரே விலைக்கு விற்றால், அந்த விலையில் நன்மதிப்புக்கு எவ்வளவு, சரக்குக்கு எவ்வளவு என்று பிரிப்பதில் நேர்மையும் ஆதாரமும் தேவை. வாங்குபவருக்கு மொத்த விலைதான் கவலை. பிரிப்பு எப்படியிருந்தாலும் அவருக்கு ஒன்றே. நன்மதிப்பின் பக்கம் கூடுதலாகச் சாய்த்தால் வங்கிக்கு லாபம், தொழிலாளருக்கு நஷ்டம். வங்கியால் நியமிக்கப்பட்ட ஒருவர் இந்தப் பிரிப்பைச் செய்கிறார் என்பதை நினைத்தால், கோல்ட்பிளாட் வழக்கின் சொந்தப் பொறுப்பு விதி ஏன் தேவை என்பது விளங்கும்.

நியமன உரிமையும் இதே பிரிவினையைத் தொட்டு நிற்கிறது. கம்பெனியின் ஏறக்குறைய முழுச் சொத்துக்கும் பொறுப்பேற்கும் நிர்வாக ரிசீவரை அமர்த்த மிதவைப் பிணையம் வேண்டும். 2003 செப்டம்பர் 15 முதல் உருவான மிதவைப் பிணையங்களுக்கு, சில விலக்குகள் தவிர, அந்த உரிமையை 2002ஆம் ஆண்டு என்டர்பிரைஸ் சட்டம் பறித்தது. அவற்றின் பிணையதாரர் எல்லாக் கடனீந்தோருக்கும் பொதுவாக இயங்கும் நிர்வாகியைத்தான் அமர்த்தலாம். நிலம், கட்டடம் போன்ற நிலைப் பிணையத்துக்கு மட்டும் ரிசீவரை அமர்த்தும் பழைய வழி இன்றும் திறந்திருக்கிறது. அத்தகைய ரிசீவருக்கு முன்னுரிமைக் கடன் பற்றிய கவலையே இல்லை.

அதே 2003 செப்டம்பர் 15 அன்று அரசின் வரி முன்னுரிமை நீக்கப்பட்டது. அதனால் வங்கிகளுக்குக் கிடைக்கும் லாபத்தில் ஒரு பங்கைப் பிணையமில்லாத சாதாரணக் கடனீந்தோருக்கு ஒதுக்கினார்கள்: மிதவைச் சொத்தில் முதல் 10,000 பவுண்டில் பாதி, அதற்கு மேற்பட்டதில் 20 சதவீதம், உச்சவரம்பு 6,00,000 பவுண்டு. 2020 ஏப்ரல் 6 முதல் உருவாகும் பிணையங்களுக்கு வரம்பு 8,00,000 ஆயிற்று. அந்த ஆண்டு டிசம்பர் 1 அன்று மதிப்புக்கூட்டு வரி, சம்பளத்தில் பிடித்த வரி போன்றவற்றுக்கு அரசின் முன்னுரிமை, சம்பள பாக்கிக்கு அடுத்த இரண்டாம் தரத்தில், திரும்பி வந்தது. ஒதுக்கீடு நீடிக்கும்போதே முன்னுரிமையும் திரும்பியதால் மிதவைப் பிணையம் இரு பக்கமும் தேய்ந்தது. நிலைப் பிணையத்துக்கான ஆசை கூடியது. மிதவைக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. கம்பெனி நொடிப்பதற்கு முந்தைய 12 மாதத்துக்குள், நெருங்கிய தொடர்புடையவருக்கானால் 2 ஆண்டுக்குள், புதுப்பணம் எதுவும் தராமல் பெற்ற மிதவைப் பிணையம் செல்லாது. ஆனால் இந்தக் கணை கலைப்பிலும் நிர்வாகத்திலும்தான் பாயும். கலைப்புக்கு முன்பே ரிசீவர் சொத்தை விற்றுப் பணத்தைக் கொடுத்துவிட்டால் அதைத் திருப்ப முடியாது என்பது மேஸ் பில்டர்ஸ் எதிர் லன் வழக்கின் முடிவு. விரைந்த ரிசீவருக்கு அது ஒரு பரிசு.

இந்திய கம்பெனிச் சட்டம் இந்தப் பிரிவினையை இங்கிலாந்திலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 123ஆம் பிரிவு, ரிசீவர் நியமனமானால் மிதவைச் சொத்திலிருந்து முன்னுரிமைக் கடனைத் தீர்க்கச் சொன்னது. கலைப்புக்கு முந்தைய 12 மாதத்தில் பெற்ற மிதவைப் பிணையம், கைக்கு வந்த ரொக்கத்துக்கும் ஆண்டுக்கு 5 சதவீத வட்டிக்கும் மேல் செல்லாது என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 332ஆம் பிரிவு. ஆனால் 2016ஆம் ஆண்டு நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தின் 53ஆம் பிரிவு பணத்தைப் பங்கிடும்போது நிலை, மிதவை என்று பார்ப்பதில்லை. கலைப்புக்கு முந்தைய 24 மாதங்களின் தொழிலாளர் பாக்கியும், பிணையத்தைப் பொதுக் குவியலுக்கு விட்டுக்கொடுத்த கடனீந்தவரின் கடனும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன.

ப்ரூமார்க் வழக்கு பிறந்த நியூசிலாந்து வேறு வழியில் சென்றது. 1999இல் இயற்றி 2002 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த அசையும் சொத்துப் பிணையச் சட்டம், பத்திரத்தில் எந்தப் பெயர் இருந்தாலும் பிணையங்களை ஒரே அளவுகோலால் அளக்கிறது. ரிசீவர் வந்தால் முன்னுரிமைக் கடனீந்தோரின் உரிமை இன்ன வகைப் பிணையத்தின் மீது என்றில்லாமல் இன்ன வகைச் சொத்தின் மீது என்றாயிற்று: சரக்கிருப்பு, வரவேண்டிய பாக்கி. ஆஸ்திரேலியாவும் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தில் சுழலும் சொத்து என்ற வகையை வகுத்துக்கொண்டது. அங்கே கட்டுப்பாடு பற்றிய பழைய கேள்வி அந்த வகைக்குள் இன்னும் உயிரோடிருக்கிறது. நியூசிலாந்தில் இனித் தகராறு எழுந்தால், வங்கியும் கம்பெனியும் தங்களுக்குள் என்ன எழுதிக்கொண்டன என்பதைவிட, ரிசீவர் வசூலித்த குறிப்பிட்ட ஒரு தொகை வரவேண்டிய பாக்கி என்ற வகையில் சேருமா சேராதா என்பதைப் பற்றியே வாதம் நடக்கும்.